வாரிசு இல்லாத கோட்டை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால் சாலையின் இருபுறமும் பாறைக்குன்றுகள் எழுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாய் உருண்டைப் பாறைகள் அடுக்கிவைத்தாற்போலத் தோன்றும் அக்குன்றுகளின் உச்சியில், வானத்தை ஒட்டிச் சிறு கட்டடங்கள் தெரியும். அருகில் வந்த பின்னரே அக்குன்றுகளைச் சுற்றி மதில் ஓடுவது கண்ணுக்குப் புலப்படும். இதுவே செஞ்சிக் கோட்டை.

இவ்வட்டாரத்திற்கும் கோட்டைக்கும் உள்ள உறவு செஞ்சியோடு தொடங்குவதன்று. திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்ககாலத்தில் ஓய்மாநாட்டின் தலைமையூர். அதனை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றியதே சிறுபாணாற்றுப்படை. மரக்காணத்தை அடுத்த கடற்கரையில் இருந்த எயிற்பட்டினமும் அந்நூலில் இடம்பெறுகிறது. கிடங்கு என்றால் அகழி. எயில் என்றால் மதில். ஓய்மாநாட்டின் ஊர்ப்பெயர்களே அரணின் உறுப்புகளாய் அமைந்திருப்பது நினைக்கத்தக்கது.

ஆற்றுப்படை நூல்கள் பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் வகையில் அமைந்தவை. வழி, வழியில் எதிர்ப்படும் ஊர்கள், அங்குக் கிடைக்கும் உணவு, இறுதியில் அரண்மனை வாயில் என அவை விரியும். அவ்வாயிலில் பாணனை எதிர்கொள்ள ஓர் அரசன் இருப்பான். செஞ்சிக்குச் செல்பவரை எதிர்கொள்ள எந்த அரசனும் இல்லை. நுழைவுச் சீட்டு வழங்கும் தொல்லியல் துறைப் பணியாளரே வாயிலில் அமர்ந்திருக்கிறார்.

இந்தியாவின் எல்லாக் கோட்டைகளுக்கும் இந்நிலை வாய்த்ததாகச் சொல்ல முடியாது. வாரணாசிக்கு எதிரே, கங்கையின் கிழக்குக் கரையில், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல்வந்த் சிங் எழுப்பிய ராம்நகர் கோட்டை இன்றும் காசி அரச குடும்பத்தின் உறைவிடம். சுனார் மணற்கல்லால் ஆகிய அக்கோட்டையின் ஒரு பகுதி அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது; மறுபகுதியில் அக்குடும்பம் வாழ்கிறது. நருமதைக் கரையில் அகல்யாபாய் ஆட்சி செய்த மகேசுவரம் கோட்டையின் ஒரு பகுதி, ஓல்கர் வழித்தோன்றலின் முயற்சியால் விருந்தினர் விடுதியாகியிருக்கிறது. 1947க்குப் பின் சமத்தானங்கள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது அரசுச் சொத்து எது, மன்னரின் தனிச்சொத்து எது எனப் பட்டியலிட்டுப் பிரித்தனர். 1971ஆம் ஆண்டின் 26ஆவது அரசமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் நீக்கிற்றே தவிர, தனிச்சொத்தாக ஏற்கப்பட்ட அரண்மனைகளைப் பறிக்கவில்லை. எனவே ஒரு கோட்டை ஒரு குடும்பத்தின் கையில் இருப்பது அதன் வரலாற்றுச் சிறப்பால் மட்டும் நிகழ்வதன்று. ஆங்கிலேயர் காலம் முழுவதும் அக்குடும்பம் அங்குத் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். செஞ்சியில் அத்தொடர்ச்சி 1714ஆம் ஆண்டிலேயே அறுந்துவிட்டது. அறுந்த விதத்தை அறிவதற்கு முன் கோட்டையை ஒருமுறை சுற்றிவருதல் நன்று.

அரணைப் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் அடர்ந்த காடு ஆகிய நான்கும் உடையதே அரண் என்பது அவர் கருத்து. இவற்றை நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என உரையாசிரியர்கள் விளக்குவர். இந்நான்கும் ஓரிடத்தில் அமைந்திருப்பதைக் காண விரும்புவோர்க்குச் செஞ்சியைக் காட்டலாம். வடக்கே கிருட்டினகிரி, மேற்கே இராசகிரி, தெற்கே சந்திரகிரி என மூன்று குன்றுகள் ஏறத்தாழ ஒரு முக்கோணத்தின் முனைகளாய் நிற்கின்றன. அவற்றை இணைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். மதிலுக்கு வெளியே 24 மீட்டர் அகலமுள்ள அகழி. உள்ளே 11 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு. குன்றுகளின் சரிவை மூடியிருக்கும் முட்புதர் இன்றும் காவற்காட்டை நினைவூட்டுகிறது.

இக்கோட்டையைக் கட்டியவர் எவர் என்னும் வினாவிற்கு ஒற்றைப் பெயரால் விடை கூற இயலாது. 1200ஆம் ஆண்டையொட்டி ஆனந்தக் கோன் என்னும் ஆயர் குலத் தலைவர் இங்கு அரண் எழுப்பியதாகவும், அவர் மரபினர் தொடர்ந்து ஆண்டதாகவும் மரபுச் செய்தி உண்டு. பின்னர்க் குறும்பர் ஆண்டனர். விசயநகரப் பேரரசின் கீழ்ச் செஞ்சி நாயக்கர் ஆட்சி வந்தது. கோட்டையின் பெரும்பகுதி கட்டடங்கள் அவர்கள் காலத்தவை. 1597இல் கிருட்டினப்ப நாயக்கர் காலத்தில் இங்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெண்டா, லிசுபனைத் தவிரப் போர்த்துகல் நாட்டின் எந்நகரையும்விடச் செஞ்சி பெரிதெனக் குறித்துவைத்தார். அத்துறவி கண்ட நகரத்தில் இன்று எஞ்சியிருப்பது எலும்புக்கூடு மட்டுமே. தெருக்களும் வீடுகளும் கடைகளும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. கல்லால் ஆகியவை நின்றன.

உள்ளே நுழைந்தவுடன் கண்ணைக் கவர்வது கல்யாண மகால். சதுர முற்றத்தைச் சுற்றி அறைகள். நடுவே அடுக்கடுக்காய் உயர்ந்து கூம்பிய கூரையில் முடியும் கோபுரம். இதன் அழகைவிட வியப்பூட்டுவது இதற்கு நீர் வந்த முறை. கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்களின் வழியே மேல்தளங்கள் வரை நீர் ஏற்றப்பட்டது. நீரின் மூலம் பயன்படும் இடத்தைவிட உயரமாக அமைந்தால் குழாய்வழியே நீர் தானே ஏறும் என்னும் எளிய இயற்பியல் உண்மையை அக்காலக் கொத்தர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். அருகே யானைக்குளம், குதிரைக் கொட்டில்கள், வில்வளைவுக் கூரையுடைய நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியன உள்ளன. களஞ்சியத்தின் சுவர்த் தடிமனைக் கண்டவர்க்கு, முற்றுகையைப் பற்றிய அச்சம் எத்தகையது என்பது விளங்கும். பீரங்கியைவிடப் பசியே கோட்டைகளை மிகுதியாக வென்றிருக்கிறது. கிருட்டினகிரியின் மேலும் களஞ்சியங்களோடு, எண்ணெய்க்கும் நெய்க்கும் எனக் கிணறு போன்ற தொட்டிகள் கட்டப்பட்டுள்ளன.

இராசகிரியில் ஏறுவது எளிதன்று. உயரம் சுமார் 240 மீட்டர்தான். ஆனால் படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுபடும். வெயில் ஏறுமுன் தொடங்காதவர் பாதியிலேயே திரும்புவர். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் உள்ளது. ஒன்றையடுத்து ஒன்றாய் வாயில்களைக் கடந்து உச்சியை நெருங்கினால், பாதை திடீரென முடிந்துவிடுகிறது. எதிரே உச்சிப்பாறை, இடையே சுமார் 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட இயற்கைப் பிளவு. இதனைக் கடக்க ஒரு பாலம் மட்டுமே. அக்காலத்தில் அது இழுத்துக்கொள்ளக்கூடிய மரப்பாலமாக இருந்தது. கீழே உள்ள அனைத்தும் வீழ்ந்தாலும், பாலத்தை இழுத்துக்கொண்ட சில வீரர்கள் மேலே நெடுநாள் தாக்குப்பிடித்திருக்க முடியும். பாலத்திற்கு அப்பால் அரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, கிழக்கு நோக்கி வாய் திறந்து கிடக்கும் பீரங்கி ஆகியவை உள்ளன.

அங்கிருந்து பார்த்தால் வயல்களுக்கிடையே ஓர் ஆற்றின் தடம் தெரியும். செஞ்சி மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணி அது. வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயருண்டு. மதிலை அலை தொடும்படி அது பாய்வதில்லை. எனினும் இக்கோட்டையின் வரலாற்றில் மிகத் துயரமான ஒரு நாளில் அதற்குப் பங்குண்டு.

உரிமையாளர் மாறும்போதெல்லாம் கோட்டையின் பெயரும் மாறியது. 1649வாக்கில் கைப்பற்றிய பீசப்பூர் சுல்தானின் படையினர் இதற்குப் பாதுசாபாத் எனப் பெயரிட்டனர். 1677இல் சிவாசி பெற்றபின் மராத்தியர் நாவில் இது சந்தி ஆயிற்று. சிவாசி வெறுமனே கைப்பற்றிச் செல்லவில்லை. மதில்களைப் புதுப்பித்து வலுவாக்கினார். அதன் பயனை அவர் மகன் இராசாராம் துய்த்தார். மராத்திய நாட்டில் முகலாயரின் நெருக்கடி தாங்காமல் 1689இல் தெற்கே வந்த இராசாராம், செஞ்சியைத் தம் தலைநகராக்கிக் கொண்டார். ஒளரங்கசீபின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையிட்டார். 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இந்தியாவின் மிகப் பெரிய படையை இம்மூன்று குன்றுகள் நிறுத்திவைத்தன. கோட்டை வீழுமுன் இராசாராம் வேலூர் வழியாகத் தப்பிவிட்டார். வென்றவர்கள் நசரத்கட் எனப் பெயர் சூட்டினர். ஆங்கிலேயர் நாவில் அது ஜிஞ்சி.

முகலாயர் இக்கோட்டையைப் புந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப்சிங் என்னும் இராசபுத்திரத் தலைவரிடம் ஒப்படைத்தனர். அவருக்கு வழங்கப்பட்டது கில்லேதார் பதவி, அதாவது கோட்டைக் காவலர் பொறுப்பு. அதனோடு வருவாய்க்கென ஜாகீர் நிலம். 1714இல் அவர் இறந்தபோது மகன் தேஜ்சிங் வந்து பொறுப்பேற்றார். இந்தத் தேஜ்சிங்கைத்தான் தமிழ்நாடு தேசிங்குராசன் என அறியும்.

இங்கேதான் உரிமை பற்றிய வழக்கு எழுந்தது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான், செலுத்தவேண்டிய திறை பாக்கியிருப்பதைச் சுட்டினார். அத்துடன், தந்தைக்கு அளித்த ஆணை மகனுக்குத் தானாக வந்து சேராது; தில்லியில் புதிய பேரரசரிடம் அதனைப் புதுப்பித்துப் பெற வேண்டும் என்றும் கூறினார். ஒளரங்கசீபு தம் தந்தைக்கு அளித்த ஆணையே போதும் என்பது தேசிங்கின் நிலை. நவாபு கோட்டையை ஒரு பதவியாகக் கண்டார். தேசிங்கு அதனை ஒரு குடும்பத்தின் உடைமையாகக் கண்டார். முகலாய ஆட்சிமுறையின்படி நவாபின் வாதமே வலுவுடையது எனலாம். ஜாகீர் என்பது பணிக்கு ஈடாக அளிக்கப்படுவது, பரம்பரைச் சொத்தன்று. ஆனால் பேரரசு தளர்ந்துவந்த அந்நாளில் நவாபுகளே தம் பதவிகளைப் பரம்பரையாக்கிக் கொண்டிருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. சாதத்துல்லா கானுக்குப் பின் ஆர்க்காட்டில் நவாபானவர் அவருடைய சகோதரர் மகனே.

நவாபின் படை பெரிது. தேசிங்கோடு சென்றவர்கள் சில நூறு குதிரை வீரர் மட்டுமே. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மதிலுக்குள் இருந்து போரிடாமல், வெளியே சென்று வெட்டவெளியில் மோத அந்த இளைஞர் துணிந்தார். வயது இருபத்திரண்டு. சங்கராபரணியில் அன்று வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. குதிரையை வெள்ளத்தில் இறக்கிக் கடந்தார். அக்டோபர் 1714இல் நிகழ்ந்த அப்போரில் அவர் வீழ்ந்தார். திருமணக் கோலத்தைத் துறந்து நண்பனுக்காகப் போர்க்களம் வந்த மகமது கானும் உடன் மடிந்ததாகக் கதை கூறுகிறது. செட்டிகுளத்தின் கரையில் தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதும், அவருடைய இளம் மனைவி அதே தீயில் உயிர்விட்டதும் அங்குள்ள மேடையோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அவ்வரசியின் நினைவாகவே ஆர்க்காட்டுக்கு எதிரே இராணிப்பேட்டை எழுந்தது என்பதும் வழிவழிச் செய்தி. வென்ற நவாபு கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். அது இன்றும் நிற்கிறது.

ஏறத்தாழப் பத்து மாதங்களே பொறுப்பிலிருந்த ஒருவர், நூற்றாண்டுக்கும் மேல் ஆண்ட நாயக்கர்களைப் பின்தள்ளிவிட்டுச் செஞ்சிக்கு உரியவராக மக்கள் மனத்தில் இடம்பிடித்தது எவ்வாறு? அதற்குக் காரணம் வரலாற்று நூல்களன்று, தேசிங்குராசன் கதை என்னும் கதைப்பாடலே. அதில் அடங்காத குதிரையை அடக்கிய சிறுவன் வருகிறான். இந்து முசுலிம் நட்பு வருகிறது. மணந்தும் மனைவியின் முகம் பாராத கணவன் வருகிறான். வரலாற்று அறிஞர் சி.எஸ்.சீனிவாசாச்சாரியார் செஞ்சி பற்றிய தம் விரிவான ஆங்கில நூலை 1943இல் வெளியிட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே, தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் இரவு முழுவதும் அக்கதை பாடப்பட்டு வந்தது. நீதிமன்றம் ஏற்காத ஓர் உரிமையை மக்கள் பாட்டு வழங்கிவிட்டது. செஞ்சியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள நீலாம்பூண்டியில் மகமது கானுக்கும் தேசிங்கின் குதிரைக்கும் உரியனவாகக் காட்டப்படும் சமாதிகளை இன்றும் காணலாம்.

தேசிங்கிற்குப் பின் கோட்டைக்கு வாரிசு இல்லை. கைப்பற்றியவர்கள் மட்டுமே இருந்தனர். 1750 செப்டம்பரில் புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஓர் இரவில் செஞ்சியைப் பிடித்தது. அக்காலப் புதுச்சேரியின் அன்றாட நிகழ்வுகளை எழுதிவைத்த ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு இப்பின்னணியில் படிக்கத்தக்கது. எட்டாண்டு தாங்கிய அரண் ஓர் இரவில் வீழ்ந்ததன் காரணத்தைத் தேட வள்ளுவரிடமே செல்லலாம். உள்ளிடம் பரந்ததாகவும், காக்கவேண்டிய இடம் சிறியதாகவும் அமைவதே நல்லரண் என்கிறார் அவர். இராசகிரியின் உச்சி அவ்விலக்கணத்திற்குப் பொருந்தும். ஆனால் 13 கிலோமீட்டர் மதில் பொருந்தாது. அதனைக் காக்கப் பெரும்படை வேண்டும். உள்ளிருப்போர் செயல்திறம் உடையவராக இல்லாவிடில் எத்தகைய அரணும் பயனற்றது என்பதையும் அவ்வதிகாரத்தின் இறுதியில் அவர் சொல்லிவைத்திருக்கிறார்.

1761இல் புதுச்சேரி வீழ்ந்த சில மாதங்களில் செஞ்சி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1780இல் ஐதர் அலி சிறிதுகாலம் கைக்கொண்டார். அதன்பின் போர்களின் பாதை மாறிற்று. செஞ்சியில் காவலர்கூட இல்லாது போயினர். 1803இல் மாவட்டக் கலெக்டராக இருந்த காரோ, கோட்டையை இடித்துவிடலாம் என வருவாய் வாரியத்திற்குப் பரிந்துரைத்தார். பயன்படாத கோட்டை கிளர்ச்சியாளருக்குப் புகலிடமாகிவிடும் என்பது அக்கால ஆட்சியாளரின் பொதுவான அச்சம். நல்வாய்ப்பாக அப்பரிந்துரை செயலாகவில்லை.

ஆயினும் காவலின்மை தன் வேலையைச் செய்தது. முத்தியாலு நாயக்கர் எழுப்பிய வேங்கடரமணர் கோயில் கோட்டைக்குள் மிகப் பெரிய கோயில். அதன் உயர்ந்த ஒற்றைக்கல் தூண்கள் சில பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவை எனக் கூறப்படுகிறது. மாலைநேரத்தில் அத்தூண்களின் அடியில் அமர்ந்து காற்று வாங்குவோர் அவை வந்த ஊரை அறிவது அரிது. காக்கும் குடும்பம் ஒன்று இருந்திருந்தால் இத்தூண்கள் பெயர்க்கப்பட்டிருக்குமா என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணத்திற்கு மறுபக்கமும் உண்டு. குடும்ப உடைமையாக எஞ்சியிருந்தால் இராசகிரியின் உச்சிக்கு எவரும் ஏறிச்செல்லும் நிலை வாய்த்திராது.

1921இல் செஞ்சிக் கோட்டை தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. சிதைந்த மதில்களுக்குச் சுண்ணாம்புக் காரையிட்டு, புதர்களை வெட்டி, படிகளைச் செப்பனிட்டு, கட்டடங்கள் மேலும் சரியாமல் அத்துறை நிறுத்தி வருகிறது. 2025 சூலையில் மராத்தியர் போர்க்கோட்டைகள் என்னும் தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. கோன், குறும்பர், நாயக்கர், சுல்தான், மராத்தியர், முகலாயர், புந்தேலர், நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய ஒரு கோட்டை, இருபது ஆண்டுகளே ஆண்ட மராத்தியரின் பெயரால் உலகப் பட்டியலில் ஏறியிருக்கிறது. மதிலை வலுப்படுத்தி எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியவர்கள் அவர்கள் என்பதால் அதனைப் பொருத்தமற்றது என ஒதுக்கிவிட முடியாது. நாயக்கர் கட்டிய களஞ்சியமும் கல்யாண மகாலும் அப்பெயருக்குள் அடங்கா என்பதும் உண்மையே.

உச்சியிலிருந்து இறங்கி வருவோர் களஞ்சியத்தின் உட்சுவரில் கீறப்பட்ட பெயர்களைக் காண்பர். கூர்ங்கல்லால் கீறியவை, ஆணியால் கீறியவை, அம்புக்குறி பாய்ந்த இதயத்தோடு கூடியவை எனப் பலவகை. தொல்லியல் துறையினர் பூசி மறைத்த இடத்திலேயே மீண்டும் புதுப்பெயர்கள் தோன்றுகின்றன. வாயிலருகே எச்சரிக்கைப் பலகை உண்டு. செட்டிகுளத்தில் நீர் குறைந்த கோடையில் அதன் படிகள் ஒவ்வொன்றாய் வெளிப்படும். மழை வந்தால் மறையும். சங்கராபரணி வீடூர் அணையில் தொண்டியாற்றோடு கூடித் தேங்கி, வில்லியனூரைக் கடந்து, செஞ்சியின் தூண்கள் நிற்கும் அதே புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது.